மூட்டு வலிக்கும் நரம்பு வலிக்கும் மீளுருவாக்கச் சிகிச்சை: ஊசி போட்டுக்கொள்ளும் முன் கடக்க வேண்டிய படிகள்

பல மாதங்களாக முழங்கால் வலியோடு படி ஏறி இறங்குகிறவரிடம், தேய்ந்த குருத்தெலும்பை அவருடைய ரத்தத்தைக் கொண்டே மீண்டும் வளர வைத்துவிடலாம் என்று சொன்னால், அவர் அடுத்த வாரமே ஊசி போட்டுக்கொள்ள ஆயத்தமாவது இயல்புதான். மீளுருவாக்கச் சிகிச்சை என்ற பெயரில் இன்று பிஆர்பி ஊசி (நோயாளியின் ரத்தத்திலிருந்து தயாரிப்பது), ஸ்டெம் செல் ஊசி (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்கள்), டெக்ஸ்ட்ரோஸ் ஊசி (குளுக்கோஸ் கரைசல்), எக்சோசோம் ஊசி (செல்கள் வெளியிடும் நுண்பைகள்) எனப் பல வழங்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிப் புதிதாக விசாரிக்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வலி குறைவது வேறு, சிதைந்த திசு மீண்டும் வளர்வது வேறு. இந்த ஊசிகளில் சில, சிலருக்குச் சில மாதங்கள் வலியைக் குறைக்கக்கூடும். ஆனால் தேய்மானம் அடைந்த மூட்டில் குருத்தெலும்பை இவை மீண்டும் வளர்த்துத் தருகின்றன என்பது நிறுவப்படவில்லை. வலி குறைந்தாலே போதும் என்று ஒருவர் முடிவெடுப்பதில் பிழையேதும் இல்லை. எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பது மட்டும் அவருக்கும் மருத்துவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் படி: வலி எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்தல்

முழங்காலில் உணரப்படும் வலி இடுப்பு மூட்டிலிருந்து வரலாம். தோளிலிருந்து கைக்கு இறங்கும் வலி கழுத்தில் அழுந்தும் நரம்பினால் ஏற்படலாம். காலின் பின்புறமாக இறங்கும் வலிக்குக் கீழ்முதுகின் வட்டுத் தள்ளல் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்குவது) காரணமாக இருக்கலாம். இடம் தவறினால் எவ்வளவு உயர்ந்த ஊசியும் பயன் தராது என்பதால், சிகிச்சையின் பெயரைத் தேடுவதற்கு முன் நோயின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூட்டு வலியில் பிரித்தறிய வேண்டிய முக்கியமான வேறுபாடு, அது தேய்மானமா, முடக்குவாதம் போன்ற அழற்சி நோயா என்பதாகும். காலையில் எழும்போது மூட்டு இறுகியிருந்து அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிட்டால் அது பெரும்பாலும் தேய்மானத்தின் இயல்பு. இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்தை ஐயுற வேண்டும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் உள்ளன; அவற்றைத் தொடங்காமல் ஊசிகளில் மாதங்களைக் கழித்தால், தடுத்திருக்கக்கூடிய சேதம் நிரந்தரமாகிவிடும். கால் கட்டைவிரல் மூட்டில் திடீரென வந்து தாங்க முடியாமல் வலிக்கும் யூரிக் அமில வாதத்துக்கும் தனி மருத்துவம் இருக்கிறது.

நரம்பு வலியின் தன்மை வேறு. எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற சுண்டல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இரு பாதங்களிலும் ஒரே மாதிரி மரத்துப்போகத் தொடங்கினால் சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மதுப்பழக்கம் ஆகிய காரணங்களை ரத்தப் பரிசோதனையாலும் விசாரிப்பாலும் முதலில் விலக்க வேண்டும். பி12 குறைவால் வந்த நரம்பு வலிக்குத் தேவையானது அந்த வைட்டமின்தான். காலம் தாழ்த்தினால் பாதிப்பு மீளாமலே போகலாம். நரம்பு எந்த இடத்தில், எந்த அளவுக்குச் சேதமடைந்துள்ளது என்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனை பெருமளவுக்குக் காட்டிவிடும்.

முழங்கால் தேய்மானத்தை எக்ஸ்ரே படத்தை வைத்து 0 (தேய்மானம் இல்லை) முதல் 4 (கடும் தேய்மானம்) வரை தரம் பிரிக்கும் முறை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவரால் வகுக்கப்பட்டது. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேதான் மூட்டு இடைவெளியைச் சரியாகக் காட்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றி ஓர் எச்சரிக்கை: வலியே இல்லாத நடுவயதினரின் முழங்காலிலும் முதுகிலும்கூடக் கிழிசல், வீக்கம், வட்டுத் தள்ளல் என்று பல காணப்படும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஊசியைப் பரிந்துரைப்பவரிடம் சற்று நின்று நிதானிக்க வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சூடாகிச் சிவந்து வீங்குதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுதல் அல்லது சிறுநீர் அடைபடுதல், தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் உணர்விழப்பு, கையோ காலோ நாளுக்கு நாள் வலுவிழத்தல் ஆகியவை அத்தகையவை. புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக எலும்பு வலி வருவதையும், காரணமின்றி எடை குறைவதையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: பாதிக்கப்பட்ட திசுவின் இயல்பை அறிதல்

மூட்டின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நடக்கும்போதும் மடக்கும்போதும் அது ஸ்பாஞ்சைப் போல அழுந்தி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தை எடுத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் இல்லாததால்தான் அது காயம்பட்டால் தோலைப்போல ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் வலியும் அதிலிருந்து நேரடியாக எழுவதில்லை. மூட்டின் உட்சவ்வு, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டுறை ஆகியவையே வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு ஒருவர் நன்றாக நடப்பதும், லேசான தேய்மானம் உள்ள மற்றொருவர் துடிப்பதும் இதனால்தான்.

வலியும் குருத்தெலும்பும் இணைந்தே நடப்பதில்லை என்பதற்குத் தெளிவான சான்று ஒன்றும் கிடைத்துள்ளது. ஸ்ப்ரைஃபெர்மின் என்ற வளர்ச்சிக் காரணி மருந்தை 549 பேரிடம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்கும் இடையே, இரண்டு ஆண்டுகளில் குருத்தெலும்பின் தடிமனில் 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்பட்டது. ஆனால் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. மூட்டு வளர்ந்துவிட்டது என்று படத்தைக் காட்டும் விளம்பரத்தை இந்த முடிவோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

நரம்பின் கதை சற்று நம்பிக்கை தருவது. கை, கால் முதலியவற்றிலுள்ள புற நரம்புகள் தாமாகவே வளரக்கூடியவை. வெட்டுண்ட நரம்பிழையின் கீழ்ப்பகுதி சிதைந்து அகலும் முறையை 1850-இல் ஆங்கிலேய உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் விவரித்தார். அதன் பிறகு, நரம்பிழையைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்கள் வழி அமைத்துக்கொடுக்க, புதிய இழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் வளர்கிறது. முழங்கையருகே சேதமடைந்த நரம்பு, 30 சென்டிமீட்டர் தள்ளியுள்ள விரல் தசைகளை எட்ட ஓராண்டுக்கு நெருக்கமான காலம் பிடிக்கும். நரம்பில்லாமல் கிடக்கும் தசையோ, ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு நரம்பை ஏற்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. ஆகவே நரம்பு முழுதாக அறுந்திருந்தால் அதைத் தைத்து இணைக்கும் அறுவையை விரைவில் செய்ய வேண்டும். எந்த ஊசியும் அதற்கு மாற்றாகாது. நரம்பு அறுபடாமல் அழுந்தி மட்டும் இருந்தால், அழுத்தத்தை நீக்குவதே மீளுருவாக்கத்துக்கான வழி. மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் நோயில் பட்டை அணிவதும், தேவைப்பட்டால் சிறு அறுவை செய்வதும் அதற்காகவே. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு இந்த வளர்திறன் மிகமிகக் குறைவு.

மூன்றாம் படி: அடிப்படைச் சிகிச்சையை முழுமையாகச் செய்து பார்த்தல்

உடற்பயிற்சி செய்து பார்த்தேன், பயனில்லை என்பவர்களில் பலர் இரண்டு வாரங்களுக்குள் நிறுத்தியவர்களாக இருக்கிறார்கள். தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியை, பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில், சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, குறைந்தது 12 வாரங்கள் செய்த பின்னரே அது பயன்பட்டதா இல்லையா என்று சொல்ல முடியும். முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களைவிடப் பிசியோதெரபி பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள். உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. இவ்வளவு நன்கு நிறுவப்பட்ட பயன், இனி விவரிக்கப்போகும் ஊசிகளில் எதற்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் தீர்வல்ல. 3 மாதங்களுக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததையும், வலி, மருந்தில்லா உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குறையாததையும் 2017-இல் வெளியான 140 பேர் ஆய்வு காட்டியது. நரம்பு வலிக்கு டுலாக்சிடின், அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகாபலின் ஆகிய மருந்துகளில் ஒன்றையோ இரண்டையோ போதிய அளவில், போதிய காலம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: எந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

பிஆர்பி என்பது தட்டணுக்கள் செறிந்த ரத்தநீர். நோயாளியின் கையிலிருந்து 15 முதல் 60 மில்லிலிட்டர் வரை ரத்தம் எடுத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் மிகுந்த பகுதியை மட்டும் சில மில்லிலிட்டர் அளவுக்கு எடுத்து, அன்றே மூட்டுக்குள்ளோ தசைநாணிலோ செலுத்துகிறார்கள். தட்டணுக்களுக்குள் இருக்கும் சிறு துகள்களில் வளர்ச்சிக் காரணிகள் அடங்கியுள்ளன. அவை காயம் ஆறுவதைத் தூண்டும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் தட்டணுக்களின் செறிவு, வெள்ளணுக்களைச் சேர்ப்பதா நீக்குவதா என்பது, ஊசிகளின் எண்ணிக்கை ஆகியவை இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன. அதனால் ஒரே பெயரில் உண்மையில் பல வகை மருந்துகள் வழங்கப்படுகின்றன எனலாம்.

பல சிறிய ஆய்வுகள், மூட்டுக்கு வழவழப்பூட்டும் ஹையலூரானிக் அமில ஊசியைவிடப் பிஆர்பி 6 முதல் 12 மாதங்கள் வரை கூடுதல் வலிக் குறைவைத் தருவதாகச் சொல்கின்றன. கவனமாக வடிவமைக்கப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பயன் சுருங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 வயதைக் கடந்த, மிதமான முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசிகளும், மற்றவர்களுக்கு உப்புநீர் ஊசிகளும் போடப்பட்டன. 12 மாதங்களுக்குப் பின் 10-க்குள் அளக்கும் வலி அளவு முதல் பிரிவில் 2.1 புள்ளியும், உப்புநீர்ப் பிரிவில் 1.8 புள்ளியும் குறைந்திருந்தது. குருத்தெலும்பின் கன அளவிலும் பயன் தெரியவில்லை. இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். உப்புநீர் பெற்றவர்களும் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார். அந்த உச்சம் தானாகவும் தணியும். எதிர்பார்ப்பும் வலியைக் குறைக்கும். எனக்குப் பயன்பட்டது என்று உறவினர் மனதார உண்மையைச் சொன்னாலும், பயன்பட்டது எது என்பதை அவருடைய அனுபவம் மட்டும் காட்டிவிடாது.

தசைநாண்களுக்கும் இதே நிலைதான். குதிகால் தசைநாணில் பிஆர்பி செலுத்தி 240 பேரிடம் செய்த ஆய்வும், முழங்கை வெளிப்புற வலிக்கான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவச் சான்று அமைப்பின் மதிப்பாய்வும் 2021-இல் வெளியாயின. இரண்டுமே பொருட்படுத்தத்தக்க பயனைக் காணவில்லை. ஆயினும் நோயாளியின் சொந்த ரத்தம் என்பதால், தூய்மையாகச் செய்தால் பெரிய தீங்கு அரிது.

ஸ்டெம் செல் ஊசிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சிய மஜ்ஜையைச் செறிவாக்குவது ஒரு வகை. வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுப்பது இன்னொரு வகை. பிறருடைய தொப்புள்கொடியிலிருந்து தயாரித்துக் குப்பியில் வருவது மூன்றாவது வகை. மஜ்ஜையிலுள்ள உட்கரு உடைய செல்களில், மூட்டுச் சிகிச்சைக்காக நாடப்படும் ஸ்டெம் செல்கள் 0.01 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் உள்ளன. செலுத்தப்பட்ட செல்கள் குருத்தெலும்பாக மாறி அங்கேயே தங்கிவிடுகின்றன என்ற எண்ணமும் சரியல்ல. அவை வேதிச் சைகைகளை வெளியிட்டு அழற்சியை மாற்றுகின்றன என்பதே இன்றைய பரவலான புரிதல். இந்த மூன்று வகைகளையும் ஒரு ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு, 470-க்கும் மேற்பட்ட முழங்கால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. 2025-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, சிறிதளவு பயன் இருக்கலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்று முடித்தது.

தீங்குகளும் பதிவாகியுள்ளன. 2018-இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த பொருளை மூட்டிலும் முதுகிலும் ஊசியாகப் பெற்ற 12 பேருக்குக் கடுமையான பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் ஸ்டெம் செல் ஊசி பெற்ற ஒருவரின் தண்டுவடத்தில், வேறொருவரின் செல்கள் கட்டியாக வளர்ந்திருந்தது 2016-இல் வெளியிடப்பட்டது. ஆகவே தண்டுவட நீரில் ஸ்டெம் செல் செலுத்தி நரம்பு வலியைப் போக்குவதாக யார் சொன்னாலும், முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதை ஏற்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். எக்சோசோம் என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களுக்கும் இது பொருந்தும். மூட்டு நோய்க்காக எந்த எக்சோசோம் பொருளுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்ததில்லை.

டெக்ஸ்ட்ரோஸ் ஊசி எளியது. 12.5 முதல் 25 சதவீதம் வரையிலான குளுக்கோஸ் கரைசலைத் தசைநார் இணைப்புகளிலோ மூட்டிலோ செலுத்துவது ஒரு முறை. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி 5 சதவீதக் கரைசலை அழுந்திய நரம்பைச் சுற்றிச் செலுத்தி, ஒட்டியுள்ள திசுக்களிலிருந்து நரம்பை விலக்குவது மற்றொரு முறை. மணிக்கட்டு நரம்பு நெரிசலில் இந்த இரண்டாம் முறைக்குச் சிறிய ஆய்வுகளில் நல்ல முடிவுகள் கிடைத்துள்ளன.

உண்மையிலேயே மீளுருவாக்கம் என்ற பெயருக்கு நெருக்கமானது, நோயாளியின் குருத்தெலும்புச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, குழியான இடத்தில் அறுவை மூலம் பதிப்பதாகும். சுவீடன் மருத்துவர்கள் 1994-இல் 23 பேரிடம் கண்ட முடிவுகளை வெளியிட்டார்கள். கொலாஜன் சவ்வில் செல்களை வளர்த்துப் பதிக்கும் வடிவத்துக்கு அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் இது காயத்தால் ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்தவர்களுக்கு உரியது. மூட்டு முழுதும் தேய்ந்தவர்களுக்கு உரியதன்று.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல்

என் நோயின் பெயர் என்ன, அதன் தரம் என்ன என்று தொடங்குங்கள். இந்த ஊசியிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது வலிக் குறைவா, திசு வளர்ச்சியா என்று கேளுங்கள். திசு வளர்ச்சி என்றால், மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த எந்த ஆய்வு அதைக் காட்டியது என்று கேளுங்கள். செலுத்தப்படும் பொருள் என் உடலிலிருந்து வருவதா, குப்பியில் வருவதா, அதற்கு இந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கென ஒப்புதல் தந்துள்ளதா என்பது அடுத்த கேள்வி. அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே உதவியோடு ஊசி செலுத்தப்படுமா, பயன் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஊசியால் மூட்டு தேய்மானம், பக்கவாதம், சர்க்கரை நோய், ஆட்டிசம் அனைத்தும் குணமாகும் என்பவரையும், இன்றே பணம் கட்டினால் சலுகை என்பவரையும், வெற்றி விகிதத்தைச் சொல்லிவிட்டு அது எப்படி அளக்கப்பட்டது என்று சொல்லாதவரையும் விட்டு விலகுங்கள். மருத்துவ ஆய்வு நடக்கிறது, சேருங்கள் என்று அழைத்துப் பெருந்தொகை கேட்டால் ஐயப்படுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பெரும்பாலும் நோயாளியிடம் கட்டணம் பெறுவதில்லை. மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேட்டில் ஆய்வின் பெயர் இருப்பது ஒப்புதல் பெற்றதற்கு அடையாளமும் அன்று.

ஆறாம் படி: ஊசிக்கு முன்னும் பின்னும்

இத்தனைக்கும் பிறகு பிஆர்பி போட்டுக்கொள்ள முடிவு செய்தால், ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவை தட்டணுக்களின் செயலைத் தடுக்கின்றன. இதயத்துக்காகவோ மூளைக்காகவோ எடுக்கும் ஆஸ்பிரினையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும் மட்டும், அவற்றைப் பரிந்துரைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. தட்டணுக்கள் குறைவாக இருப்பவர்கள், உடலில் எங்கேனும் தொற்று உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள்கள் வலியும் வீக்கமும் கூடுவது வழக்கம். அதற்குப் பாராசிட்டமால் போதும். காய்ச்சல், பரவும் சிவப்பு, கால் ஊன்ற முடியாத வலி ஆகியவை தோன்றினால் மூட்டில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அது மணிக்கணக்கில் குருத்தெலும்பை அரிக்கக்கூடியது என்பதால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. முதல் வாரத்துக்குப் பின் பயிற்சிகளைப் படிப்படியாக மீண்டும் தொடங்க வேண்டும்.

பயனை அளக்க, ஊசிக்கு முன்பே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். வலி 10-க்கு எத்தனை, வலியின்றி எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை என்ற நான்கையும் வாரம் ஒருமுறை எழுதினால் போதும். 12 வாரங்கள் கழித்தும் இவற்றில் தெளிவான மாற்றம் இல்லையென்றால், இன்னும் சில ஊசிகள் போட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு இணங்காமல், எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரிடம் இரண்டாம் கருத்துக் கேளுங்கள். தரம் 4 தேய்மானத்தில் வலி இரவுத் தூக்கத்தையும் நடையையும் கெடுத்துவிட்டால், மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேச அதுவே தக்க நேரம். அப்போது இதுவரை போட்டுக்கொண்ட ஒவ்வோர் ஊசியின் பெயரையும் தேதியையும் அறுவை மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்திய 3 மாதங்களுக்குள் அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடுவதால், அறுவை நாளை அதற்கேற்பவே அவர் குறிப்பார்.